பதிவேட்டில் இல்லாத பெயர்: போர்ப்பணியில் மாண்டோரைத் திருச்சபை நினைவுகூர்தல்

ஒரு சேகரத்தின் பொறுப்பை ஏற்கும் ஆயர் முதன்முதலாகப் பெற்றுக்கொள்வனவற்றுள் சபையின் மூன்று பதிவேடுகளும் அடங்கும். அவை ஞானஸ்நானப் பதிவேடு, திருமணப் பதிவேடு, அடக்கப் பதிவேடு என்பன. இவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டு வாசிக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு இல்லை. அவ்வாறு வாசிப்போமாயின் ஓர் உண்மை புலப்படும். முதற் பதிவேட்டில் உள்ள பெயர்களுட் சில, இறுதிப் பதிவேட்டில் ஒருபோதும் வருவதில்லை. அவர்களுட் சிலர் வேற்றூருக்குக் குடிபெயர்ந்தனர். சிலர் வேறு சபைகளில் இணைந்தனர். சிலர் இலங்கைக்கும் மலேயாவுக்கும் தோட்டத் தொழிலுக்குச் சென்று திரும்பாதிருந்தனர். இன்னுஞ் சிலர் போர்ப்பணிக்குச் சென்று மாண்டனர். அவர்களுடைய உடல் ஊர் வந்து சேரவில்லை. ஆகவே அடக்க ஆராதனை நடைபெறவில்லை. ஆராதனை நடைபெறாமையால் பதிவும் இல்லை.

இத்தகைய ஒருவருடைய குடும்பத்தார், அவரைச் சபையில் நினைவுகூர வேண்டும் என ஆயரிடம் கேட்பராயின், அவர் என்ன விடை கூறுவது? உடல் இல்லாத இடத்தில் எந்த ஆராதனையை நடத்துவது? மரித்தோருக்காக மன்றாடுவது நம் மரபன்று எனக் கூறி அனுப்பிவிடலாமா? போரைப் புகழ்ந்து பேசாமல் போரில் மாண்டவரை நினைவுகூர இயலுமா? இவ்வினாக்கள் நம் இறையியற் கல்விக்கூடங்களில் அதிகமாக ஆராயப்படுவதில்லை. ஆயினும் கிராமச் சபைகளில் பணிபுரியும் ஆயர் இவற்றை எதிர்கொள்ளாமல் இருக்க முடியாது. இவற்றை ஒருவாறு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. ஒரு குடும்பத்தின் அனுபவம்

திருவில்லிபுத்தூர் வட்டாரத்தில், வத்திராயிருப்புக்கு அருகே, மேற்கு மலையின் அடிவாரத்தில் உள்ள ஊர் சுந்தரபாண்டியம். என் தகப்பனார் பிறந்த ஊர் அது. அவருடைய மூத்த தமையனார், அதாவது என் பெரிய தகப்பனார், 1921ஆம் ஆண்டில் ஞானஸ்நானம் பெற்றவர். மிஷன் பள்ளியில் எட்டாம் வகுப்புவரை பயின்று, 1940இல் படையின் மருத்துவமனைப் பிரிவில் நோயாளரைப் பராமரிக்கும் பணியாளராகச் சேர்ந்தார். அவர் வீரத்தை நாடிச் சென்றவர் அல்லர். வீட்டில் கடன் இருந்தது. படையில் மாதச் சம்பளம் இருந்தது. 1941இல் அவருடைய பிரிவு மலேயாவுக்கு அனுப்பப்பட்டது. அங்கிருந்து நான்கு கடிதங்கள் வந்தன. 1942 பெப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. அதன்பின் கடிதம் வரவில்லை. அவர் காணாமற்போனவர் என அறிவிப்பு ஒன்று வந்தது; போர் முடிந்தபின், இறந்தவராகக் கருதப்படுகிறார் என மற்றோர் அறிவிப்பு வந்தது.

என் பாட்டியார் அவ்விரண்டாம் தாளை எடுத்துக்கொண்டு அந்நாளில் சபைக்குப் பொறுப்பாயிருந்தவரிடம் சென்றார். உடல் இன்றி அடக்க ஆராதனை இல்லை என்றும், மரித்தோருக்காக ஜெபிப்பது நம் முறைமை அன்று என்றும் அவருக்கு விடை கிடைத்தது. அவ்விடை தவறென்று அக்காலத்தில் எவரும் எண்ணவில்லை, பாட்டியாரும் எண்ணவில்லை. ஆனால் அதன் விளைவாக அவர் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக, மகனை இழந்தவராகவும் வாழவில்லை, மகனை உடையவராகவும் வாழவில்லை. கடைசிப் பேருந்து ஊரைக் கடந்து செல்லும்வரை அவர் திண்ணையை விட்டு எழுந்திருக்கமாட்டார். சிறுவனாகிய எனக்கு அதன் காரணம் அப்பொழுது விளங்கவில்லை. 1979இல் அவர் நோயுற்றுக் கிடந்தபோது என் தகப்பனாரிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "கோயிலில் என் பேரை வாசிக்கும்போது அவன் பேரையும் சேர்த்து வாசிக்கச் சொல்லுப்பா" என்றார். என் தகப்பனாருக்குச் சபையில் அதைக் கேட்கத் துணிவு வரவில்லை. பாட்டியாரின் பெயர் மட்டுமே வாசிக்கப்பட்டது.

2019ஆம் ஆண்டில், பொதுநலவாயப் போர்க்கல்லறை ஆணையத்தின் பெயர்ப்பட்டியலில் நான் அவரைத் தேடிக் கண்டேன். சிங்கப்பூரில் கிராஞ்சி என்னுமிடத்தில் 1957இல் திறக்கப்பட்ட நினைவகத்தில், அடக்க இடம் அறியப்படாத 24,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் அவருடைய பெயரும் இருந்தது. ஆங்கில எழுத்தில் ஓர் எழுத்துப் பிழை இருந்தது. ஆயினும் தந்தையின் பெயரும், சுந்தரபாண்டியம் என்னும் ஊரும், இராமநாதபுரம் என்னும் அந்நாளைய மாவட்டமும் சரியாகக் குறிக்கப்பட்டிருந்தன. அந்த ஆண்டு நவம்பர் மாதத்தில், தாயின் பெயரும் மகனின் பெயரும் சபையில் சேர்த்து வாசிக்கப்பட்டன. 84 வயதான என் தகப்பனார் எவரும் சொல்லாமலே எழுந்து நின்றார். அவரைக் கண்டு சபையாரும் எழுந்தனர்.

அவருடைய பெயரை நான் இங்கு எழுதவில்லை. அது இருக்கவேண்டிய இடம் சபையின் பதிவேடு. அங்கு இப்பொழுது இருக்கிறது. இதனை நான் கூறியதற்குக் காரணம் ஒன்றே. சபையின் மறுப்பு என் பாட்டியாருடைய நம்பிக்கையை அழிக்கவில்லை. ஆனால் அவருடைய துக்கத்திற்கு முடிவு இல்லாமற் செய்துவிட்டது. இது நம்முடைய இறையியலில் உள்ள குறையா, அல்லது அதனைப் பயன்படுத்தும் முறையில் உள்ள குறையா என்பதை ஆராய வேண்டும்.

2. எண்ணும் பெயரும்

போரில் மாண்டவருக்குக் கல் நடுதல் தமிழருக்குப் புதிதன்று. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் எனக் கல் நடும் நிகழ்ச்சியின் படிகளைத் தொல்காப்பியத்தின் புறத்திணையியல் வரிசைப்படுத்துகிறது. நம் வட்டாரத்தின் மலைகளுக்கு மறுபுறத்தில், தேனி மாவட்டம் ஆண்டிபட்டி வட்டத்தைச் சேர்ந்த புலிமான்கோம்பையில், 2006ஆம் ஆண்டில் தமிழ்ப் பிராமி எழுத்துடைய நடுகற்கள் கண்டுபிடிக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று, கூடலூரில் நிகழ்ந்த ஆநிரைப் பூசலில் மாண்ட தீயன் அந்தவன் என்பவருக்கு எடுக்கப்பட்டது. அவர் மன்னர் அல்லர். மாடு கவர்தல் தொடர்பான ஒரு சிறு பூசலில் உயிரிழந்த ஊரவர். அவருடைய பெயர் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்து நிற்கிறது. யார் மாண்டார், எங்கு மாண்டார், எதன் பொருட்டு மாண்டார் என்னும் மூன்றையும் அக்கல் கூறுகிறது.

இதனுடன் முதல் உலகப்போருக்குப்பின் நம் நாட்டின் பல ஊர்களில் பதிக்கப்பட்ட கல்வெட்டுகளை ஒப்பிட்டுப் பாருங்கள். இவ்வூரிலிருந்து இத்தனை பேர் 1914 முதல் 1919 வரை நடந்த பெரும்போருக்குச் சென்றனர், அவர்களுள் இத்தனை பேர் உயிர்நீத்தனர் என்பதே அவற்றின் வாசகம். திருச்சிராப்பள்ளியில் காந்தி சந்தைக்கு எதிரே உள்ள மணிக்கூண்டு நினைவுச்சின்னத்திலும், சென்றவர் 302 பேர், உயிர்நீத்தவர் 41 பேர் என்று எண்களே உள்ளன. அந்த 41 பேர் யார் என்பதை அக்கல்லிலிருந்து அறிய முடியாது.

இதே காலத்தில் இதற்கு மாறான ஒரு கொள்கையும் அறிவிக்கப்பட்டது. 1917 மே மாதம் அமைக்கப்பட்ட பேரரசுப் போர்க்கல்லறை ஆணையம், மாண்டோர் ஒவ்வொருவரும் கல்லறைக் கல்லிலோ நினைவகத்திலோ பெயரால் குறிக்கப்பட வேண்டும் என்றும், பதவி, இனம், சமயம் ஆகிய வேறுபாடு காட்டலாகாது என்றும் முடிவு செய்தது. உடல்களைத் தாயகத்துக்குக் கொண்டுசெல்ல எவருக்கும் அனுமதி இல்லை. செல்வரும் வறியரும் மாண்ட இடத்திலேயே ஒரே வகையான கல்லின்கீழ் இருக்க வேண்டும். இவ்வாணையத்துக்கு வாசகங்களை அமைத்துத் தந்த எழுத்தாளர் ரட்யார்ட் கிப்ளிங், தாமே மகனை இழந்த தந்தை. அவருடைய மகன் ஜான் 1915 செப்டம்பரில் பிரான்சு நாட்டின் லூஸ் போர்க்களத்தில் காணாமற்போனார். தந்தை 1936இல் இறக்கும்வரை மகனின் கல்லறை அறியப்படவில்லை. அடையாளம் தெரியாத வீரரின் கல்லில், இவரைக் கடவுள் அறிவார் என்னும் பொருளுடைய சொற்களைப் பொறிக்கச் செய்தவர் அவரே. சுந்தரபாண்டியத்துத் திண்ணையில் அமர்ந்திருந்த தாயின் துயரம் அவருக்கும் தெரிந்த ஒன்றே.

கொள்கை சிறந்ததாயினும் நடைமுறை அவ்வாறு இருக்கவில்லை. மெசப்பொத்தேமியாவில் மாண்டோருக்காகப் பாஸ்ராவில் எழுப்பப்பட்ட நினைவகத்தில், இந்தியப் படையின் அதிகாரிகள் பெயரால் குறிக்கப்பட்டனர். சாதாரணச் சிப்பாய்கள் படைப்பிரிவுவாரியாக எண்ணால் குறிக்கப்பட்டனர். அவ்வாணையமே அமைத்த குழு ஒன்று 2021 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கை இவ்வகைப் பிழைகளை ஒப்புக்கொண்டது. முதல் உலகப்போரில் மாண்ட இந்தியர், ஆப்பிரிக்கர், எகிப்தியர் முதலானோருள் 45,000 முதல் 54,000 பேர் வரை சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டனர் என்றும், குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரையும், பெயரால் நினைவுகூரப்படவில்லை அல்லது முற்றிலும் விடப்பட்டனர் என்றும் அவ்வறிக்கை கூறியது. ஆணையம் மன்னிப்புக் கோரியது.

இரண்டாம் உலகப்போரில் தமிழருக்கு நேர்ந்ததும் எண்ணத்தக்கது. 1942, 1943 ஆகிய ஆண்டுகளில் சப்பானியர் அமைத்த சயாம்–பர்மா இரயில்பாதையின் நீளம் ஏறத்தாழ 415 கிலோமீட்டர். அங்கு மாண்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 13,000 பேர். காஞ்சனபுரியிலும் பிற இடங்களிலும் அவர்களுடைய கல்லறைகள் வரிசையாகப் பேணப்படுகின்றன. மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் உள்ளிட்ட ஆசியத் தொழிலாளருள் மாண்டோர் 80,000 முதல் 1,00,000 பேர் வரை இருக்கலாம் என மதிப்பிடப்படுகிறது. அவர்களுக்குப் பெயர்ப்பட்டியலும் இல்லை. படைவீரராகப் பதிவு செய்யப்பட்டவர் பட்டியலில் இடம் பெற்றார். கூலியாகக் கொண்டுசெல்லப்பட்டவர் கணக்கிலும் சரியாக இடம் பெறவில்லை.

விடுதலைக்குப்பின் நாட்டுக்காக மாண்டோருக்கெனப் புதுதில்லியில் 2019 பெப்ரவரி 25ஆம் நாள் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவகத்தில் 25,000க்கும் மேற்பட்ட பெயர்கள் தனித்தனியாகப் பொறிக்கப்பட்டன. எண்ணைவிடப் பெயர் மேலானது என்பதை அரசுகளும் காலப்போக்கில் உணர்ந்து வருவதை இது காட்டுகிறது. இவ்வுணர்வுக்குத் திருச்சபை பிந்தியதாக இருக்கலாமா?

3. திருமறை காட்டும் வழி

பழைய ஏற்பாட்டில் நினைவுகூர்தலைக் குறிக்கும் எபிரேயச் சொல் ஸாகர் என்பது. மனத்தில் ஒன்றை மீண்டும் எண்ணுவது மட்டும் அதன் பொருளன்று. எண்ணியவருக்காகச் செயல்படுவதும் அதில் அடங்கும். கடவுள் நோவாவை நினைவுகூர்ந்தபோது வெள்ளம் வடியத் தொடங்கிற்று (ஆதியாகமம் 8:1). அன்னாளை நினைவுகூர்ந்தபோது அவளுக்குப் புதல்வன் பிறந்தான் (1 சாமுவேல் 1:19, 20). திருவிருந்தில் நாம் கேட்கும் அனம்னேசிஸ் என்னும் கிரேக்கச் சொல்லும் இவ்வழியில் வருவதே. ஆகவே மாண்டவரை நினைவுகூர்கிறோம் என்று சபை கூறுமானால், அது அவர் பொருட்டு ஏதேனும் செய்யக் கடமைப்பட்டிருக்கிறது.

இதனை விளக்கச் சாமுவேலின் இரண்டாம் நூலில் இரு பகுதிகள் உள்ளன. முதலாவது ரிஸ்பாளின் வரலாறு (21:8–14). கொல்லப்பட்ட தன் இரு புதல்வரின் உடல்களையும், உடன் கொல்லப்பட்ட ஐவரின் உடல்களையும் பறவையும் விலங்கும் தீண்டாதவாறு, அறுவடைத் தொடக்கம் முதல் மழை பெய்யும்வரை, பாறையின்மேல் இரட்டு விரித்து அவள் காவல் இருந்தாள். அவள் எவரிடமும் முறையிட்டதாக நூல் கூறவில்லை. ஆனால் அவளுடைய செயல் தாவீதின் காதுக்கு எட்டியபோது, கில்போவா மலையில் போரில் மாண்டு யாபேசில் கிடந்த சவுல், யோனத்தான் ஆகியோரின் எலும்புகளை அவன் எடுத்துவந்து, குடும்பக் கல்லறையில் அடக்கம் செய்தான். அதன்பின்னரே நாட்டுக்காகச் செய்யப்பட்ட வேண்டுதல் கேட்கப்பட்டது என நூலாசிரியர் முடிக்கிறார். அரசன் பல ஆண்டுகளாகச் செய்யாது விட்ட கடமையை ஒரு தாயின் விழிப்பு நினைவூட்டிற்று. மாண்டவர் உரிய மதிப்புப் பெறும்வரை ஒரு நாட்டின் வழிபாடு முழுமை பெறுவதில்லை என்பதும் இங்கு உணர்த்தப்படுகிறது.

இரண்டாவது உரியாவின் வரலாறு (அதிகாரம் 11). உரியா போர்ப்பணியில் மாண்டவர். ஆனால் அவருடைய மரணத்துக்குக் காரணம் பகைவர் மட்டுமல்லர், அவருடைய அரசனே. மரணச் செய்தி வந்தபோது, வாள் இவனையும் பட்சிக்கும் அவனையும் பட்சிக்கும், இதற்காகக் கலங்க வேண்டாம் என்னும் கருத்துப்படத் தாவீது படைத்தலைவனுக்குச் சொல்லியனுப்பினான் (11:25). மாண்டவரை எண்ணாக மாற்றும் பேச்சு இதுவே. எக்காலத்து ஆட்சியாளரும் இவ்வாறு பேசக்கூடியவரே. திருமறை அதற்கு உடன்படவில்லை. அடுத்த வசனத்திலேயே உரியாவின் மனைவி தன் கணவனுக்காகப் புலம்பியதை அது பதிவு செய்கிறது. தாவீதின் வீரர் பட்டியலில் உரியாவின் பெயரை இறுதியில் நிறுத்துகிறது (23:39). பல நூற்றாண்டுகளுக்குப்பின் மத்தேயு ஆண்டவரின் வம்ச வரலாற்றை எழுதும்போது, பத்சேபாளின் பெயரைக் குறிப்பிடாமல், உரியாவின் மனைவி என்றே குறிப்பிடுகிறார் (1:6). மறைக்க முயன்ற ஒரு மரணம் மேசியாவின் வம்ச அட்டவணையிலேயே நிலைத்துவிட்டது.

இவ்விரு பகுதிகளாலும் கிறிஸ்தவ நினைவுகூர்தலின் இரு இயல்புகள் தெளிவாகின்றன. அது பெயரைக் காக்கிறது. அப்பெயருக்குரியவர் எவ்வாறு மாண்டார் என்னும் உண்மையையும் காக்கிறது. பெயரை மட்டும் காத்து உண்மையை விடுவோமானால் அது வெறும் புகழ்ச்சியாகும். உண்மையை மட்டும் கூறிப் பெயரை விடுவோமானால் அது அரசியற் பேச்சாகும்.

மூன்றாவதாக ஒன்று உண்டு. மோசேயின் கல்லறையை எவரும் அறியார். அவரை அடக்கம் செய்தவர் கடவுளே (உபாகமம் 34:6). அடக்க இடம் அறியப்படாமை கடவுளால் கைவிடப்பட்டமைக்கு அடையாளம் ஆகாது. கடலும் தன்னிடத்துள்ள மரித்தோரை ஒப்புவிக்கும் என வெளிப்படுத்தின விசேஷம் கூறுகிறது (20:13). உடல் கிடைக்காத குடும்பத்துக்கு நாம் முதலில் எடுத்துரைக்க வேண்டிய நற்செய்தி இது.

4. மூன்று தடைகள்

முதல் தடை, மரித்தோருக்கான மன்றாட்டுப் பற்றியது. 1549ஆம் ஆண்டின் ஆங்கிலப் பொது ஜெபப் புத்தகத்தில் அத்தகைய மன்றாட்டு இடம் பெற்றிருந்தது. 1552ஆம் ஆண்டுப் பதிப்பில் நீக்கப்பட்டது. உத்தரிக்கும் ஸ்தலம் பற்றிய போதனையையும், பணம் பெற்று ஆற்றப்பட்ட பூசைகளையும் சீர்திருத்தத் தலைவர்கள் எதிர்த்தனர், அவ்வெதிர்ப்பு நியாயமானதே. கிருபையை விலைக்கு வாங்க இயலாது. ஆயினும் அவர்கள் மறுத்தது மரித்தோரின் நிலையை நம் செயலால் மாற்றலாம் என்னும் எண்ணத்தையே. மரித்தோரின் பெயரைக் கூறிக் கடவுளுக்கு நன்றி செலுத்துவதையும், துயருறுவோரை அவரிடம் ஒப்படைப்பதையும் அவர்கள் மறுக்கவில்லை. முதல் உலகப்போரில் இலட்சக்கணக்கான குடும்பங்கள் கல்லறையின்றித் தவித்தபோது, ஆங்கிலத் திருச்சபை இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டை மீண்டும் ஆராய வேண்டியதாயிற்று. என் பாட்டியார் கேட்டதும் பூசை அன்று. பெயரை வாசித்தல் மட்டுமே. அதனை மறுப்பதற்குச் சீர்திருத்தத்தில் ஆதாரம் இல்லை.

இரண்டாவது தடை இதற்கு எதிர்ப்புறத்தில் உள்ளது. அது போரைப் புனிதப்படுத்தும் சோதனை. நண்பர்களுக்காக உயிரைக் கொடுக்கும் அன்பைப் பற்றிய ஆண்டவரின் மொழி (யோவான் 15:13) மேனாட்டுப் போர் நினைவுச்சின்னங்கள் பலவற்றில் பொறிக்கப்பட்டுள்ளது. அம்மொழியை எல்லாப் படைவீரருக்கும் பொதுவாகச் சூட்டுதல் தகாது. ஆண்டவர் தம் உயிரைக் கொடுத்தார். எவருடைய உயிரையும் எடுக்கவில்லை. ஆனால் அம்மொழியின் சாயல் போர்க்களத்தில் ஒருபோதும் காணப்படுவதில்லை எனக் கூறுவதும் பொய்யாகும். சென்னைச் சுரங்கப்படையைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியம் 1944 சூன் 24ஆம் நாள் இத்தாலியில் மிஞ்ஞானோ என்னுமிடத்தில், வெடிக்கவிருந்த கண்ணிவெடியின்மேல் தம் உடலைக் கிடத்தித் தம்மோடிருந்தவரைக் காத்து மாண்டார். அவருக்கு ஜார்ஜ் சிலுவை விருது வழங்கப்பட்டது. அவர் கிறிஸ்தவர் அல்லர். அச்செயலில் விளங்கிய அன்பைக் கண்டு கடவுளைத் துதிப்பதற்கு நமக்குத் தயக்கம் வேண்டியதில்லை. ஒவ்வொருவருடைய மரணத்தையும் அதனதன் உண்மையில் கூறுதல் வேண்டும் என்பதே இதன் கருத்து. கடனுக்காகப் படையிற் சேர்ந்தவரைக் கடனுக்காகச் சேர்ந்தவர் என்றே கூறலாம். அதனால் அவருடைய மதிப்புக் குறையாது.

மூன்றாவது தடை, எந்தக் கொடியின்கீழ் என்பது. இரண்டாம் உலகப்போரில் தமிழருட் சிலர் பிரித்தானிய இந்தியப் படையில் மாண்டனர். சிலர் இந்தியத் தேசிய இராணுவத்தில் மாண்டனர். விடுதலைக்குப்பின் முன்னவரைப் பற்றிப் பேசக் குடும்பத்தார் கூசினர். இலங்கைக்கு 1987இல் சென்று 1990இல் திரும்பிய இந்திய அமைதிப்படையிலும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1987 நவம்பர் 25ஆம் நாள் மாண்ட மேஜர் இராமசாமி பரமேஸ்வரனுக்குப் பரம வீர சக்கரம் வழங்கப்பட்டது. ஆயினும் அப்போரைப் பற்றித் தமிழகத்தில் இருந்த கசப்பின் காரணமாக, அதில் மகனை இழந்த பெற்றோர் பலர் தம் துக்கத்தை வெளிப்படையாகக் கூற இயலவில்லை. அதே போரில் வடஇலங்கைத் தமிழ்க் குடும்பங்களும் தங்கள் பிள்ளைகளை இழந்தன. அவற்றுள் நம் விசுவாசக் குடும்பங்களும் இருந்தன. திருச்சபை ஒரு போரின் நியாயத்தை ஆராயலாம், ஆராயவும் வேண்டும். ஆனால் அந்த ஆராய்ச்சி முடியும்வரை ஒரு தாயின் துக்கத்தைக் காத்திருக்கச் செய்ய அதற்கு உரிமை இல்லை. சவுலும் யோனத்தானும் மாண்டபோது, தன்னைக் கொல்லத் தேடியவனுக்காகவும் தாவீது புலம்பினான் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

5. ஆயர் செய்யத்தக்கவை

முதலாவது, கேட்டறிதல். இக்குடும்பங்கள் தாமாக வந்து கேட்பதில்லை. வீடு சந்திப்பின்போது சுவரில் சீருடையணிந்த படம் ஒன்று இருக்குமானால், அவர் யார் என ஆயர் கேட்க வேண்டும். சொல்லத் தொடங்கியவரை இடைமறித்து ஆறுதல் மொழி கூறுதல் வேண்டா. முதலில் முழுவதும் கேட்டல் வேண்டும்.

இரண்டாவது, தேடுதல். இரு உலகப்போர்களில் மாண்டோரின் பெயர்களைப் பொதுநலவாயப் போர்க்கல்லறை ஆணையத்தின் பட்டியலில் கட்டணமின்றித் தேடலாம். ஆங்கிலத்தில் தமிழ்ப் பெயர்கள் பலவாறு எழுதப்பட்டிருக்கும். ஊர்ப் பெயரையும் அந்நாளைய மாவட்டப் பெயரையும் கொண்டு தேடுதல் பயன்தரும். விருதுநகர் மாவட்டத்தார் இராமநாதபுரம் எனத் தேட வேண்டும். ஏனெனில் 1985ஆம் ஆண்டுவரை அதுவே மாவட்டம். சென்னை நந்தம்பாக்கத்தில் 1952இல் அமைக்கப்பட்ட போர்க்கல்லறைத் தோட்டத்தில் 850க்கும் மேற்பட்ட கல்லறைகளும், முதல் உலகப்போரில் மாண்ட ஆயிரம் பேருக்கு மேற்பட்டோரின் நினைவுச்சின்னமும் உள்ளன. விடுதலைக்குப் பிற்பட்டோரின் குடும்பங்களுக்கு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் உதவும். கைம்பெண்ணின் ஓய்வூதியம் தடைப்பட்டிருக்குமானால் அவருடன் அங்குச் செல்வதும் நினைவுகூர்தலின் பகுதியே. ஸாகர் என்னும் சொல்லின் பொருள் அதுவன்றோ?

மூன்றாவது, பதிவு செய்தல். அடக்கம் நடைபெறாமையால் அடக்கப் பதிவேட்டின் வரிசையில் எழுத இயலாது. ஆனால் அதன் இறுதியில் சில பக்கங்களை ஒதுக்கி, நினைவுப் பதிவு எனத் தலைப்பிட்டு, பெயர், பெற்றோர் பெயர், ஞானஸ்நான எண், மாண்ட ஆண்டும் இடமும், நினைவகத்தின் பெயர் ஆகியவற்றைச் சபைக் கமிட்டியின் ஒப்புதலுடன் எழுதலாம். தாயின் பெயரையும் விடாது எழுத வேண்டும். அரசுப் பட்டியல்களில் அது பெரும்பாலும் இருப்பதில்லை.

நான்காவது, ஆராதனை. உடலை மண்ணுக்கு ஒப்புவிக்கும் பகுதியை இங்குப் பயன்படுத்தலாகாது. அது குடும்பத்தாரைக் குழப்பும். நன்றி செலுத்துதல், திருமறை வாசிப்பு, குடும்பத்தார் ஒருவர் உண்மையைச் சுருக்கமாகக் கூறுதல், பெயரை உரக்க வாசித்தல், மௌனம், விசுவாச அறிக்கை என அமைக்கலாம். நவம்பர் 2ஆம் நாளையோ அதனை அடுத்த ஞாயிற்றுக்கிழமையையோ தெரிந்துகொள்ளலாம். சுதந்திர நாளில் மட்டும் வைப்பதைத் தவிர்த்தல் நலம். அன்று பேச்சு எளிதில் புகழ்ச்சியாக மாறிவிடும். மறுபக்கத்தில் மாண்டவரின் தாய்மாருக்காகவும் அதே ஆராதனையில் வேண்டுதல் செய்யப்படுதல் வேண்டும். இது இல்லாத நினைவு கிறிஸ்தவ நினைவு ஆகாது.

ஐந்தாவது, அவசரம் தவிர்த்தல். காணாமற்போனவரை இறந்தவர் என ஏற்பது குடும்பத்துக்கு எளிதன்று. கார்கில் போரில் 1999 மே 29ஆம் நாள் மாண்ட திருச்சிராப்பள்ளியைச் சேர்ந்த மேஜர் சரவணனின் உடல் ஒரு மாதத்துக்கு மேல் மீட்கப்படாதிருந்தது. அவருடைய மரணம் அறியப்பட்டிருந்தும் அக்காத்திருப்பு எவ்வளவு கொடியது! மரணமே உறுதி செய்யப்படாத குடும்பங்களின் நிலையை என்னென்பது? அவர்கள் ஆயத்தமாகும்வரை ஆயர் காத்திருக்க வேண்டும். ஆனால் கதவைத் தாமே அடைத்துவிடலாகாது.

ஆண்டவரின் கல்லறைக்கு அருகே நின்று அழுத மகதலேனா மரியாளின் துயரம், உடலைக் காணாத துயரமே. அவரை எங்கே வைத்தார்கள் என்று அறியேன் என்பதே அவளுடைய முறையீடு (யோவான் 20:13). உயிர்த்தெழுந்தவர் அவளுக்கு நீண்ட விளக்கம் கூறவில்லை. அவளைப் பெயர் சொல்லி அழைத்தார். அக்குரலை எல்லாக் கல்லறைகளிலும், கல்லறையே இல்லாத இடங்களிலும், ஒரு நாள் யாவரும் கேட்பர் என நாம் விசுவாசிக்கிறோம். அந்நாள்வரை பெயர்களைத் தவறின்றிக் காத்து வைப்பது திருச்சபையிடம் ஒப்படைக்கப்பட்ட பணி. அடுத்த முறை பதிவேடுகளைத் திறக்கும்போது, முதல் ஏட்டில் இருந்து மூன்றாம் ஏட்டில் காணப்படாத பெயர்களை ஒரு தாளில் எழுதத் தொடங்குங்கள். அவர்களுள் ஒருவருக்காக உங்கள் சபையில் எவரேனும் இன்னும் காத்திருக்கக்கூடும்.